2 மணி நேர எண்ணிக்கையை வைத்து ஒரு சாலைச் சந்திப்பின் ஆபத்தைச் சொல்ல முடியுமா?

கணக்கன்:
விபத்துகளை மட்டும் எண்ணி, ‘இந்தச் சந்திப்பு மோசம்’ என்று முத்திரை குத்துவதை நான் ஏற்கவில்லை. ஒரு சந்திப்பை நாளொன்றுக்கு 8,000 பேர் கடக்கிறார்கள், ஆண்டுக்கு 4 விபத்துகள் என்று வைத்துக்கொள்வோம். இன்னொன்றில் 500 பேர், 2 விபத்துகள். கடப்பவருக்கு எட்டு மடங்கு ஆபத்து இரண்டாவதில்தான். நடப்பவர்களை எண்ணாமல் இது தெரியவே தெரியாது.

தெருவோரன்:
எண்ண வேண்டாம் என்று யார் சொன்னது? எண்ணும் அழகைத்தான் கேட்கிறேன். ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் 2 மணி நேரம் நின்று கையால் எண்ணிவிட்டு, அதையே ஆண்டு முழுவதற்கும் பெருக்குகிறார்கள். நானே அப்படி நின்றிருக்கிறேன். மழை, பள்ளி விடுமுறை, இருட்டிய பிறகு நடப்பவர்கள், இவை எதுவும் என் தாளில் ஏறவில்லை.

கணக்கன்:
அதற்காகத்தான் சில இடங்களில் தானியங்கிக் கருவியை ஆண்டு முழுவதும் ஓடவிடுகிறார்கள். அங்கே தெரியும் ஏற்ற இறக்கத்தைக் கொண்டு மற்ற இடங்களின் குறுகிய எண்ணிக்கையைத் திருத்தலாம்.

பாதசாரி:
அகச்சிவப்புக் கருவிதானே? இருவர் தோளோடு தோள் சேர்ந்து போனால் அதற்கு ஒருவர்தான். கூட்டம் கூடக்கூட அது விடும் ஆட்களும் கூடும். போதாக்குறைக்கு அதை நடைபாதையில் பொருத்துகிறார்கள். சாலையைக் கடப்பவர் யார், ஓரமாகவே போகிறவர் யார் என்று அதற்குத் தெரியாது.

கணக்கன் அவர்களே, உங்கள் எட்டு மடங்கும் இடிக்கிறது. நடப்பவர்கள் பெருகும் அதே விகிதத்தில் விபத்து பெருகுவதில்லை. 2003இல் ஜேக்கப்சன் என்ற ஆய்வாளர் வெளியிட்ட ஆய்வின்படி, விபத்து ஏறத்தாழ நடப்போர் எண்ணிக்கையின் 0.4 அடுக்காகவே உயர்கிறது. ஆட்கள் 16 மடங்கு என்றால் விபத்து சுமார் 3 மடங்கு. உங்கள் கணக்கில் அது 2 மடங்கு. ஆக, இரண்டாவது சந்திப்பு எதிர்பார்த்ததைவிட ஒன்றரை மடங்குதான் மோசம்.

கணக்கன்:
சரி, வகுத்தது அவசரம்தான். ஆனால் அந்த 0.4ஐப் போட்டுப் பார்க்கவும் உங்களுக்கு எண்ணிக்கை வேண்டியிருந்ததே!

தெருவோரன்:
கடந்தவர்களின் எண்ணிக்கை. எங்கள் வீட்டு எதிர்ச்சாலையை என் அம்மா கடப்பதே இல்லை, பயம். அவரைப் போன்றவர்கள் ஒதுங்கிக்கொண்டதால் அங்கே விபத்தும் இல்லை, ஆளும் இல்லை. உங்கள் அட்டவணையில் அது பாதுகாப்பான சாலை.

கணக்கன்:
ஓரத்தில் நின்று தயங்கித் திரும்புகிறவரைக் காணொளியில் பிடிக்கலாம். வீட்டைவிட்டே இறங்காதவரை எந்தக் கருவியாலும் முடியாது. அதற்கு வீடு வீடாகப் போய்க் கேட்க வேண்டியதுதான்.