100-ல் ஆரம்பித்தால் சிஜிநாட்டா? வீட்டுக் கருவியை வெளியிலிருந்து திறப்பது பற்றி

கம்பிவடம்:
வீட்டுக் கேமராவை வெளியிலிருந்து பார்ப்பது எப்படி என்று பக்கத்து இழையில் ஒருவர் கேட்டதற்கு, ரவுட்டருக்குச் சேவைக்காரர் தரும் வெளிப்பக்க முகவரியான வேன் ஐபியைப் பற்றி ரவுட்டர்_ராஜா உதிர்த்த முத்து: "வேன் ஐபி 100-ல ஆரம்பிச்சா அது சிஜிநாட். வீட்டுல இருக்கிற எதையும் வெளிய இருந்து தொட முடியாது. விட்டுருங்க."

முதல் வரி தப்பு, இரண்டாவது அதைவிடத் தப்பு, மூன்றாவது சோம்பேறித்தனம். சிஜிநாட்டுக்கென்று ஒதுக்கியது 100.64.0.0/10. அதாவது 100.64.0.0-வில் தொடங்கி 100.127.255.255-ல் முடிகிறது. 2012-ல் வந்த ஆர்எஃப்சி 6598 என்ற இணைய நெறி ஆவணத்தை ஒரு தடவையாவது திறந்து பார்த்திருக்கலாம். 100.20-ம் 100.140-ம் சாதாரணப் பொது ஐபி. அங்கே போர்ட் ஃபார்வர்டிங், அதாவது ரவுட்டருக்கு வருவதை வீட்டுக்குள் ஒரு கருவிக்குத் திருப்பிவிடுவது, ஜம்மென்று வேலை செய்யும்.

ரவுட்டர்_ராஜா:
வாங்க வாத்தியாரே, இன்னும் காணோமேன்னு பாத்தேன். கேட்டவருக்கு வேண்டியது சப்நெட் கணக்கு இல்ல, கேமராவைத் திறக்கணும். வீட்டு ரவுட்டர்ல 100-னு பாத்தா பெரும்பாலும் சிஜிநாட்தான்.

கம்பிவடம்:
"பெரும்பாலும்" இப்போதுதான் முளைக்கிறது. அங்கே "100-ல ஆரம்பிச்சா" என்றுதான் இருக்கிறது. 64 முதல் 127 வரை.

புது_வரவு:
சிஜிநாட்னா என்னன்னு யாராவது ஒரு வரில சொல்ல முடியுமா?

பாக்கெட்_பித்தன்:
புது_வரவு, சேவைக்காரர் பல வீடுகளுக்கு ஒரே பொது ஐபியைப் பங்கு போட்டுக் கொடுக்கிறதுதான் சிஜிநாட். முதல் எண்ணைப் பாத்து ஜோசியம் சொல்றதை ரெண்டு பேரும் நிறுத்துங்க. சில சேவைக்காரங்க சிஜிநாட்டுக்குப் பின்னாடி 10-ல ஆரம்பிக்கிற முகவரியும் தர்றாங்க. அதுக்கு என்ன பதில்?

ரவுட்டரோட ஸ்டேட்டஸ் பக்கத்துல இருக்கிற வேன் ஐபியைக் குறிச்சுக்கோங்க. அப்புறம் பிரவுசர்ல "என் ஐபி என்ன"ன்னு தேடி வர்ற ஐபிவி4 முகவரியைப் பாருங்க. ரெண்டும் ஒண்ணுன்னா பொது ஐபி. வேறன்னா நடுவுல யாரோ நாட் பண்றாங்க, அதாவது முகவரியை மாத்தி அனுப்புறாங்க. பாக்கும்போது விபிஎன் அணைஞ்சிருக்கணும், போன் வைஃபைல இருக்கணும். இல்லேன்னா மொபைல் டேட்டா ஐபியைப் பாத்துட்டு வீணாக் கவலைப்படுவீங்க. வேன் ஐபி 192.168-னு வந்தா பெரும்பாலும் வீட்டுக்குள்ளயே ரெண்டு ரவுட்டர். முன்னாடி நிக்கிற மோடம் ரவுட்டர் வேலை பாக்காம வெறுமனே கடத்துற மாதிரி பிரிட்ஜ் மோடுக்கு மாத்துங்க.

திசைவி:
வேன் ஐபியா? எத்தனை பேர் அமரலாம்? புறவலை முகவரி என்று எழுதினால் விரல் ஒடிந்துவிடுமா?

ரவுட்டர்_ராஜா:
ரவுட்டர் மெனுல "புறவலை"ன்னு தேடினா விடிய விடியத் தேட வேண்டியதுதான் ஐயா.

கம்பிவடம்:
பித்தன் சொன்ன ஒப்பீட்டைத்தான் நானும் சொல்ல வந்தேன். ஆனால் கேள்வி அது இல்லை. 100.140 சிஜிநாட்டா, இல்லையா? ஒரே வார்த்தையில் பதில் போதும்.

அடுத்தது "தொட முடியாது". பல வீடுகளுக்கு ஒரே பொது ஐபியைப் பங்கு போடும்போது வெளியிலிருந்து வருகிற பாக்கெட் எந்த வீட்டுக்கு என்று சேவைக்காரரின் பெட்டிக்குத் தெரியாது. அதனால் நம் ரவுட்டரில் என்ன ஃபார்வர்டு செய்தாலும் அது வாசல் வரை வராது. ஆனால் உள்ளேயிருந்து வெளியே போக யார் தடுத்தார்கள்? பொது ஐபி உள்ள சின்ன விபிஎஸ் (வாடகை சர்வர்) ஒன்றில் வயர்கார்டு என்ற விபிஎன் மென்பொருளைப் போட்டு யுடிபி போர்ட் 51820-ஐத் திறக்கவும். வீட்டில் எப்போதும் ஓடுகிற ஒரு பெட்டி அதை அழைக்கட்டும். அந்தப் பெட்டியின் அமைப்பில் பெர்சிஸ்டண்ட் கீப்அலைவ் 25 கட்டாயம், அதாவது 25 விநாடிக்கு ஒரு தடவை அது ஒரு சின்ன பாக்கெட்டை அனுப்பும். சும்மா கிடக்கிற யுடிபி பதிவைப் பல நாட் பெட்டிகள் அரை நிமிஷத்தில் அழித்துவிடும், அப்புறம் விபிஎஸ்ஸிலிருந்து வீட்டுக்கு வழி கிடையாது. பிறர் பாக்கெட்டைக் கடத்திவிட, விபிஎஸ்ஸிலும் வீட்டுப் பெட்டியிலும் நெட்.ஐபிவி4.ஐபி_ஃபார்வர்டு 1. விபிஎஸ்ஸில் வீட்டுப் பியரின் (மறுமுனையின்) அலவுடு ஐபிஸ் பட்டியலில் டனல் முகவரியோடு வீட்டு சப்நெட்டும், அதாவது வீட்டுக் கருவிகளின் முகவரி வரம்பும், இருக்கணும். போனில் விபிஎஸ் பியருக்கும் அந்த சப்நெட்டைச் சேர்க்கணும்.

இதைத்தான் "விட்டுருங்க" என்றார்.

பாக்கெட்_பித்தன்:
ஒண்ணு விட்டுட்டீங்க. இதை அப்படியே செஞ்சா வயர்கார்டு பெட்டி வரைக்கும் பிங் போகும், பக்கத்துல கோப்பு சேமிச்சு வைக்கிற பெட்டியான என்ஏஎஸ்ஸுக்குப் போகாது. பாக்கெட் என்ஏஎஸ்ஸைத் தொடும், பதில்தான் வழி தவறிடும். டனல் சப்நெட் எங்கேன்னு தெரியாம அது பதிலை ரவுட்டருக்கு அனுப்பும், ரவுட்டருக்கும் தெரியாது. ரவுட்டர்ல டனல் சப்நெட்டுக்கு வயர்கார்டு பெட்டி வழியா ஒரு ஸ்டேட்டிக் ரூட் (நிலையான வழி) போடுங்க, இல்லேன்னா எல்லாம் தன் முகவரியிலேர்ந்தே வர்ற மாதிரி காட்ட வயர்கார்டு பெட்டியில மாஸ்கரேட் போடுங்க.

வீட்டு சப்நெட் 192.168.1.0/24-ஆ இருந்தா அதையும் மாத்திடுங்க. நீங்க போய் உக்கார்ற இடத்து வைஃபையும் அதே சப்நெட்டா இருந்தா போன் குழம்பிடும். 192.168.87.0/24 மாதிரி யாரும் சீண்டாத எண்ணா வெச்சுக்கோங்க.

கம்பிவடம்:
விடவில்லை, அடுத்த பதிவில் எழுத இருந்தேன்.

ரவுட்டர்_ராஜா:
இதுக்கு ஒரு விபிஎஸ், ரெண்டு கான்ஃபிக், ஒரு ஸ்டேட்டிக் ரூட். கேமரா பாக்க ராக்கெட் விடுறாங்க. பொது ஐபி இருக்கிறவன், தூரத்துலேர்ந்து பெட்டிக்குள்ள நுழையிற எஸ்எஸ்எச்சை 22-ம் போர்ட்லேர்ந்து 2222-க்கு மாத்தி ஃபார்வர்டு பண்ணிட்டுப் போயிட்டே இருப்பான்.

கம்பிவடம்:
கருவிகளே ரவுட்டரில் போர்ட் திறந்துகொள்ள விடும் யுபிஎன்பியைப் போன மாதம் திறந்து வைக்கச் சொன்னதும் இதே வாய்தானே? 2016-ல் கேமராக்களைச் சூறையாடிய மிராய் என்ற தீம்பொருள், தொலைவிலிருந்து நுழையும் பழைய வழியான டெல்நெட்டுக்கு 23-ஐ மட்டுமா தட்டியது? 2323-ஐயும் தட்டியது. உங்களைப் போல "மாத்திட்டேன்" என்று இருந்தவர்களுக்காகத்தான் அது. போர்ட்டை மாற்றினால் லாக்கில் குப்பை குறையும், கதவு பூட்டாது. பாஸ்வேர்டு ஆதென்டிகேஷனை நிறுத்திவிட்டு சாவி மட்டும் வைத்தால்தான் பூட்டு. வயர்கார்டோ சாவி சரியில்லாத பாக்கெட்டுக்கு வாயே திறக்காது. ஸ்கேன் செய்கிறவனுக்கு அங்கே ஒரு போர்ட் இருப்பதே தெரியாது.

ரவுட்டர்_ராஜா:
யுபிஎன்பி பத்தி நான் சொன்னது கேம் கன்சோலுக்கு. பேச்சை மாத்தாதீங்க.

திசைவி:
கடவுச்சொல். பாஸ்வேர்டு அன்று.

புது_வரவு:
என்னுது 100.101-ல ஆரம்பிக்குது. அப்ப என்ன செய்யணும்?

ரவுட்டர்_ராஜா:
பாத்தீங்களா! 100. நான் சொன்னதுதான்.

கம்பிவடம்:
101, 64-க்கும் 127-க்கும் நடுவில். ஆகவே நான் சொன்னதுதான். 100 என்பதால் அல்ல.

பாக்கெட்_பித்தன்:
புது_வரவு, அந்த முகவரியை எங்க பாத்தீங்க? ரவுட்டர்லயா?

புது_வரவு:
இல்ல, என்ஏஎஸ்ஸோட நெட்வொர்க் பக்கத்துல. டெயில்ஸ்கேல்னு ஒரு ஆப் போட்டிருக்கு, அதுக்கு நேரா.

பாக்கெட்_பித்தன்:
அது உங்க சேவைக்காரர் தந்ததே இல்ல. கருவிகளைத் தனி விபிஎன்ல இணைக்கிற டெயில்ஸ்கேல் தன்னோட கருவிகளுக்கு அதே 100.64.0.0/10-லேர்ந்துதான் முகவரி கொடுக்கும். போன்லயும் டெயில்ஸ்கேல் போட்டு அதே கணக்குல உள்ள போங்க, அந்த 100.101 முகவரியையே பிரவுசர்ல அடிங்க, கடைசில என்ஏஎஸ்ஸோட போர்ட் எண். ரவுட்டர்ல எதையும் திறக்க வேணாம், சிஜிநாட் இருந்தாலும் கவலை இல்ல. வைஃபையை அணைச்சுட்டு மொபைல் டேட்டாவுல சோதிங்க, அப்பதான் வெளிய இருந்து திறக்குதான்னு தெரியும்.

ரவுட்டர்_ராஜா:
ஆக 100-னு பாத்து சிஜிநாட்னு சொன்னவங்க லிஸ்ட்ல வாத்தியாரும் சேந்துட்டாரு.

கம்பிவடம்:
நான் சொன்னது 64-க்கும் 127-க்கும் நடுவில் என்று. இப்போதும் நடுவில்தான் இருக்கிறது. டெயில்ஸ்கேலும் அதே ஆர்எஃப்சி 6598 இடத்தைத்தான் எடுத்திருக்கிறது, எனவே என் வாதம் இன்னும் பலமாகிறது. 100.140 பற்றி இன்னும் பதில் வரவில்லை.

பாக்கெட்_பித்தன்:
ஒவ்வொரு கருவிக்கும் தனிப் பொது முகவரி தர்ற ஐபிவி6 இருந்தா இந்த நாட் சண்டையே கிடையாது. ரவுட்டர் ஃபயர்வால்ல அந்தக் கருவியோட நிலையான முகவரிக்கு ஒரு போர்ட்டைத் திறந்தா போதும். தற்காலிக முகவரியைக் கொடுத்தா ஒரு நாள்ல மாறிடும். சேவைக்காரர் பிரிஃபிக்ஸை (முகவரியோட முன்பாதியை) மாத்தினா, மாறுற முகவரியை ஒரே பெயரோட சேத்து வைக்கிற டைனமிக் டிஎன்எஸ் வேணும். நீங்க போற இடத்துலயும் ஐபிவி6 இருக்கணும், அதுதான் கஷ்டம்.

கம்பிவடம்:
தலைப்பு ஐபிவி4. ஐபிவி6-க்குத் தனி இழை போடுங்கள்.

ரவுட்டர்_ராஜா:
தலைப்பு கேமரா.

புது_வரவு:
என்ஏஎஸ்.

கம்பிவடம்:
100.140. ஆமா, இல்லை?