வாளில் துரு, பிடியில் ஆட்டம்: விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்

வணக்கம் நண்பர்களே. ஐரோப்பிய இடைக்கால பாணி ஃபேன்டஸி வாள்கள் என்னிடம் நான்கு இருக்கின்றன. மூன்று 420 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். சுவருக்கு அழகு, அவ்வளவுதான். நான்காவது 1060 ரக கார்பன் ஸ்டீல், பிடியின் முனையில் டிராகன் தலைக் குமிழ் வைத்தது. போன மாதம் ஒருவரிடம் பழசாக வாங்கினேன். தலைவலியே அதில்தான்.

தோல் உறையிலேயே போட்டு வைத்துவிட்டேன், என் தப்பு. தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும் என்று பிறகுதான் உறைத்தது. உருவிப் பார்த்தால் நுனியிலிருந்து ஒரு சாணுக்குப் பழுப்புப் புள்ளிகள். எண்ணெய் தொட்டுத் துடைத்ததில் பாதி போயிற்று. மீதி நகத்தில் நெருடுகிறது. 2000 நம்பர் உப்புத்தாள் போடலாமா? பக்கத்திலேயே எழுத்து வேலைப்பாடு இருக்கிறது, அது தேய்ந்துவிடுமோ என்று பயம்.

இன்னொன்று, ஆட்டினால் கைப்பிடி 'கடகட' என்கிறது. பிடிக்குள்ளே போவது அலகோடு (வெட்டும் தகட்டோடு) ஒரே இரும்பா, பற்றவைத்த மெல்லிய கம்பியா? கழற்றாமல் கண்டுபிடிக்க வழி உண்டா? எடை 2.3 கிலோ. அசல் நீள்வாள்களே பெரும்பாலும் ஒன்றரை கிலோவை ஒட்டித்தான், அதனால் சந்தேகமாக இருக்கிறது. அண்ணன் பையன் வேறு "ஒரு தடவை சுத்திக் காட்டுங்க சித்தப்பா" என்று நச்சரிக்கிறான். பிடி கழன்று பறந்தால் என்ன ஆவது!

படம் வேண்டுமென்றால் எடுத்து அனுப்புகிறேன்.