நான்கு நாள் நிறுத்தினால் பேட்டரி காலி, ஃபியூஸ்களைப் பிடுங்கியும் எது கரண்டைத் தின்கிறது என்று பிடிபடவில்லை

பழையவண்டி:
என்னிடம் இருப்பது 19 வருடம் ஓடிய பெட்ரோல் கார். தினமும் எடுத்தால் ஒரு குறையும் இல்லை, நான்கு நாள் தொடாமல் விட்டால் ஐந்தாம் நாள் செல்ஃப் எடுக்காது, டக் டக் என்ற சத்தம் மட்டும் வரும். பேட்டரி 45 ஆம்பியர் ஹவர், மாற்றி ஐந்து மாதம்தான் ஆகிறது. முதலில் அதைத்தான் சந்தேகப்பட்டு, முழுதாகச் சார்ஜ் ஏற்றி நெகட்டிவ் கேபிளைக் கழற்றி ஐந்து நாள் வைத்துப் பார்த்தேன், 12.6 வோல்ட்டில் அப்படியே நின்றது. ஆக பேட்டரி நல்லது, வண்டிதான் எதையோ குடிக்கிறது.

நேற்று நெகட்டிவ் டெர்மினலுக்கும் கேபிளுக்கும் நடுவில் மல்டிமீட்டரை 10 ஆம்பியரில் வைத்துப் பார்த்தால் 1.3 ஆம்பியர்! டேஷ்போர்டுக்குக் கீழே இருக்கிற ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன், எண் ஏறி இறங்கியதே தவிர எங்கேயும் சட்டென்று விழவில்லை. ரேடியோ முன்பு வைத்திருந்தவர் மாட்டியது, கொஞ்ச நாளாக ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க அதில் ஒரு கீச்சொலி வேறு கேட்கிறது. அதுதான் காரணமாக இருக்குமோ?

மின்கம்பி:
பேட்டரியைத் தனியாகச் சோதித்தது சரியான முதல் படி. ஆனால் 1.3 ஆம்பியரை நம்பாதீர்கள். கேபிளைக் கழற்றி மீட்டரோடு திரும்ப மாட்டும்போது அலாரம், சென்ட்ரல் லாக் எல்லாம் விழித்துக்கொள்ளும், கதவு திறந்திருந்தால் உள்விளக்கும் சேர்ந்துகொள்ளும். அவை உறங்கிப்போக அரை மணி நேரமாவது கொடுங்கள், சில வண்டிகளில் ஒரு மணி நேரம்கூட ஆகும். கதவைத் திறந்தபடி வேலை செய்ய வேண்டுமென்றால் கதவுப் பூட்டின் நாக்கை ஸ்க்ரூடிரைவரால் மூடிய நிலைக்குத் தள்ளிவிடுங்கள், வண்டி கதவு மூடியிருப்பதாக நினைக்கும் (பிறகு நிஜமாக மூடும் முன் கைப்பிடியை இழுத்து அதை விடுவிக்க மறக்க வேண்டாம், இல்லையென்றால் பூட்டு உடையும்).

ஃபியூஸைப் பிடுங்குவதிலும் இதே தொல்லைதான், திரும்பச் சொருகும்போது உறங்கியது எழுந்துவிடும், எண் குதிக்கும். அதற்குப் பதில் ஃபியூஸின் முதுகில் தெரியும் இரண்டு உலோகப் புள்ளிகளில் மீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்துப் பாருங்கள். கரண்ட் ஓடாத ஃபியூஸ் சுழி காட்டும். 10 ஆம்பியர் ஃபியூஸில் ஒரு மில்லிவோல்ட் இருந்தாலே நூறு மில்லி ஆம்பியருக்கு மேல் போகிறது என்று அர்த்தம். எல்லாம் அடங்கிய பிறகு மொத்தம் 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் கவலை இல்லை. இன்னொன்று, மீட்டர் நடுவில் இருக்கும்போது தவறிக்கூட ஸ்டார்ட் செய்யாதீர்கள், மீட்டரின் ஃபியூஸ் போய்விடும்.

நெடுஞ்சாலை:
இவ்வளவு எதற்கு, நெகட்டிவில் ஒரு கட்-ஆஃப் சுவிட்ச் மாட்டி இரவில் திருகி வைத்துவிடுங்கள். நான் மூன்று வருடமாக அப்படித்தான் ஓட்டுகிறேன்.

கறுப்புக்கை:
சுவிட்ச் பேட்டரியைக் காக்கும், கோளாறு உள்ளேயே இருக்கும். அந்தக் கீச்சொலியை நான் விடமாட்டேன். இன்ஜின் வேகத்தோடு ஏறி இறங்குகிறது என்றால் முதலில் ஆல்டர்னேட்டரைப் பாருங்கள், அதாவது இன்ஜின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஜெனரேட்டரை. உள்ளே கரண்டை ஒரே திசையில் மட்டும் விடும் டையோடுகள் இருக்கும், அவற்றில் ஒன்று கெட்டால் ஓடும்போது ஏசி (மாறுதிசை மின்சார) அலை கசிந்து ரேடியோவில் கேட்கும், நிறுத்தியபின் அதே டையோடு வழியாகப் பேட்டரி பின்பக்கமாக வடியும். ஆல்டர்னேட்டரின் தடித்த வயர் நேராகப் பேட்டரிக்குப் போவதால் டேஷ்போர்டு ஃபியூஸ்களை எத்தனை பிடுங்கினாலும் அது தெரியாது. நீங்கள் தேடிய இடத்தில் அது இல்லவே இல்லை.

இன்ஜினை ஓடவிட்டு, ஹெட்லைட் போட்டு, பேட்டரி முனைகளில் ஏசி வோல்ட் அளந்து பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் இருந்தால் டையோடு சந்தேகம் உறுதி. அப்புறம் இன்ஜினை நிறுத்தி, பேட்டரி நெகட்டிவைக் கழற்றிய பிறகு (இந்த வரிசை முக்கியம், அந்த வயரில் எப்போதும் முழு வோல்டேஜ் இருக்கும், ஸ்பேனர் பாடியில் பட்டால் தீப்பொறி பறக்கும்) தடித்த வயரை எடுத்து டேப் சுற்றிவிட்டு, கசிவை மறுபடி அளந்து பாருங்கள்.

பழையவண்டி:
இரண்டு நாள் கழித்து எழுதுகிறேன். 40 நிமிடம் காத்திருந்ததில் 1.3 தானாக 0.36க்கு இறங்கியது, நான் முதல் தடவை விழித்திருக்கும் வண்டியைத்தான் அளந்திருக்கிறேன். ஒரு நாளைக்கு எட்டரை ஆம்பியர் ஹவர், நான்கு நாளில் கிட்டத்தட்ட 35, கணக்கு அப்படியே பொருந்துகிறது. ஃபியூஸ்களின் மில்லிவோல்ட் எல்லாம் சுழி, ரேடியோ ஃபியூஸில் மட்டும் எண் லேசாகத் துடித்தது, அது நினைவகத்துக்கான கரண்டாகத்தான் இருக்கும். ஏசி வோல்ட் 0.8. தடித்த வயரை எடுத்ததும் 0.36 போய் 0.03. மீட்டரை இரண்டு முறை அணைத்துப் போட்டுப் பார்த்தேன், அதேதான். ரேடியோ மேல் வீண்பழி போட்டுக்கொண்டிருந்தேன். கறுப்புக்கை, மின்கம்பி, உங்கள் இருவருக்கும் மனமார்ந்த நன்றி. நாளை ஆல்டர்னேட்டரை இறக்குகிறேன், டையோடு தட்டை மட்டும் மாற்றினால் போதுமா?

கறுப்புக்கை:
உள்ளே இருக்கும் கார்பன் பிரஷ் தேயாமல் நீளமாகவும் பேரிங் சத்தமில்லாமலும் இருந்தால் டையோடு தட்டு மட்டும் போதும். ஆனால் 19 வருடம் ஓடியது, திறந்த கையோடு அவற்றையும் பார்த்துவிடுங்கள். மாட்டிய பின் முதல் வேலையாகப் பேட்டரியைச் சார்ஜரில் வைத்து மெதுவாக நிரப்புங்கள். அடிவரை வடிந்த பேட்டரியை ஆல்டர்னேட்டரே நிரப்பட்டும் என்று விட்டால் புது டையோடுகள் வெகுநேரம் முழுச்சுமையில் சூடாகும். பல தடவை காலியான பேட்டரி என்பதால் அதன் கொள்ளளவும் கொஞ்சம் குறைந்திருக்கும், ஒரு லோடு டெஸ்ட் (சுமை கொடுத்து வோல்ட் பார்ப்பது) எடுத்து என்ன வருகிறது என்று இங்கே எழுதுங்கள்.