காக்கையையும் எழுதுங்கள்: பொங்கல் பறவைக் கணக்கெடுப்பில் நான் கற்றது

பறவைக் கணக்கெடுப்பில் மறக்க முடியாத அனுபவம் எது என்று கேட்டிருந்தீர்கள். எனக்கு ஆடு மேய்க்கும் ஓர் ஆத்தாவின் நினைவுதான் வருகிறது. ஆனால் அதற்கு முந்தைய வருடம் நான் செய்த தவறிலிருந்து தொடங்க வேண்டும்.

சிவகங்கைப் பக்கம் எங்கள் ஊர்க் கண்மாய். பொங்கலையொட்டி நான்கு நாட்கள், பதினைந்து நிமிடமாவது ஓரிடத்தில் பறவைகளைப் பார்த்து, ஈபேர்ட் என்ற பறவைப் பதிவுச் செயலியில் ஏற்ற வேண்டும். 2015 முதல் தமிழ்நாட்டில் நடக்கிறது. நான் ஒரு மணி நேரம் கரையில் சுற்றிவிட்டு நத்தைகுத்தி நாரை, பனங்காடை, கொண்டலாத்தி என்று ஐந்தாறு பறவைகளை மட்டும் பதிந்தேன். காக்கையும் மைனாவும் யாருக்குத் தெரியாது, அதை ஏன் எழுத வேண்டும் என்ற நினைப்பு. கடைசியில் செயலி, அடையாளம் தெரிந்த எல்லாப் பறவைகளையும் பதிந்துவிட்டீர்களா என்று கேட்டது. யோசிக்காமல் ஆம் என்று அழுத்தினேன்.

பட்டியலைப் பார்த்த மூத்த பறவையாளர் ஒருவர் போன் செய்தார். "தம்பி, உங்க கண்மாய்ல காக்காயே கிடையாதா?"

அப்புறம் அவர் பொறுமையாக விளக்கினார். ஒரு வட்டாரத்திலிருந்து நூறு முழுப் பட்டியல்கள் வந்து, நாற்பதில் சிட்டுக்குருவி இருந்தால் அது ஓர் அளவு. சில வருடங்களில் அந்த நாற்பது இருபதானால் குருவிக்கு ஏதோ ஆகிறது என்று கவனிக்கலாம். பட்டியல் முழுமையாக இருந்தால்தான், எழுதாத பறவை அன்று கண்ணில் படவில்லை என்று எடுத்துக்கொள்ள முடியும். 2020-இல் வந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை இப்படித்தான் உருவானது. பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட பறவை ஆர்வலர்கள் பதிந்த ஒரு கோடிக்கும் அதிகமான குறிப்புகள் அதன் அடிப்படை. சிட்டுக்குருவி அழிந்துவிட்டது என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தபோது, நாடு முழுவதுமாகப் பார்த்தால் எண்ணிக்கை ஏறத்தாழ நிலையாகவே இருக்கிறது, பெருநகரங்களில்தான் குறைகிறது என்று அது சொன்னது. சாதாரணப் பறவையைச் சலிக்காமல் எழுதியவர்களால் கிடைத்த விடை அது.

சரி, ஆத்தா கதைக்கு வருகிறேன். அடுத்த பொங்கலுக்கு ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டேன். எல்லோரிடமும் போன் இல்லை. ஊர் வழக்கில் பறவைப் பெயர்களைத் தாளில் அச்சடித்துக் கொடுத்தேன்: தவிட்டுக்குருவி, செம்போத்து, ஆள்காட்டி, மடையான். வயலில் உண்ணிக்கொக்குக் கூட்டம். எண்ண முடியாது, இருந்தது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள் என்றேன். பக்கத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஆத்தா, "ஏன்யா எண்ண முடியாது?" என்று விரலை நீட்டி மும்மூன்றாக எண்ணத் தொடங்கினார். அறுபத்து மூன்று. பிள்ளைகள் இரண்டு முறை சரிபார்த்தார்கள். அதே அறுபத்து மூன்றுதான். "தினம் பொழுது சாய ஆட்ட எண்ணிப் பட்டியில அடைக்கிறவளுக்கு கொக்கு எண்ண வராதா?"

அன்று கரையெல்லாம் எங்களோடு வந்தார். வேலிக்குள் தவிட்டுக்குருவிகள் கூடிக் கத்தியபோது, "பாம்பு கெடக்கும், தள்ளி வாங்க" என்று பிள்ளைகளை நிறுத்தினார். இத்தனை வருடம் அந்த அறிவு யார் தாளிலும் ஏறாமல் போயிருக்கிறதே என்று எனக்கு மனசு கனத்தது. அன்றைய பட்டியலில் காக்கையையும் சேர்த்து முப்பத்தொரு இனங்கள்.

மறுமொழி:

அண்ணா, படித்ததும் எங்கள் ஆமை நடை நினைவுக்கு வந்தது. சென்னையில் மாணவர் கடல் ஆமை பாதுகாப்புக் குழு 1988 முதல் இதைச் செய்கிறது. நான் இரண்டு பருவம் போனேன். நள்ளிரவில் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை மணலில் நடந்து பங்குனி ஆமையின் தடத்தைத் தேடுவோம். முட்டைகளை எடுத்துப் பாதுகாப்பான பொரிப்பிடத்தில் புதைப்பார்கள். எனக்கு முதல் இரவில் ஒரு கூடும் கிடைக்கவில்லை, செத்து ஒதுங்கிய ஆமை ஒன்றுதான். அழுகையாக வந்தது. கூட வந்த அக்கா டார்ச்சை என் கையில் கொடுத்துவிட்டு, ஓட்டின் நீளத்தை அளந்து குறித்துக்கொண்டார். "இதையும் எழுதணும்டா, இல்லேன்னா இது செத்ததே யாருக்கும் தெரியாது" என்றார்.