குன்றர் என்றால் திருடர் என்று விதி எழுதலாமா?

சாமைக்கொல்லை:
ஞாயிறுதோறும் வேலூர் சத்துவாச்சாரியில் ஆறு பேர் உட்கார்ந்து டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறோம். ஆளுக்கொரு கேரக்டராகி, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் ஆட்டம் அது. கதை உலகம், ஆட்டத்தை நடத்தும் எங்கள் டி.எம். (டன்ஜன் மாஸ்டர்) சொந்தமாக உருவாக்கியது. பாலாறு மாதிரி மணலாகக் கிடக்கும் ஓர் ஆறு, அகழி சூழ்ந்த கோட்டை, தெற்கே மலை. நான்கு மாதமாக ஒரு வாரம்கூடத் தவறவிட்டதில்லை, அவ்வளவு பிடித்திருந்தது.

போன வாரம் கதை மலைக்குள் போனது. அங்கே வாழும் மக்களுக்குப் பெயர் குன்றர். அவர்களைப் பற்றிய தாளைக் கொடுத்தார். கேரக்டரின் திறன்களுக்கு எண் உண்டு; குன்றருக்கு டெக்ஸ்டெரிட்டி (சுறுசுறுப்பு) 2 கூடுதல், இன்டெலிஜென்ஸ் (அறிவு) 2 குறைவு. தொழில்: சந்தனக் கட்டை கடத்தல். கடைசி வரி: குன்றர் யாராவது கூட இருந்தால் ஒவ்வோர் இரவும் எல்லோரும் பகடை உருட்ட வேண்டும், 12க்குக் கீழே விழுந்தால் ஒரு பொருள் காணாமல் போகும்.

என் அம்மா ஜவ்வாது மலையில் பிறந்தவர். சின்ன வயதில் புளி மூட்டையோடு அவருடன் ஒடுகத்தூர் சந்தைக்கு பஸ்ஸில் வருவேன். மூட்டையை ஏற்றும்போதே யாராவது அதை அழுத்திப் பார்ப்பார்கள், உள்ளே கட்டை இருக்கிறதா என்று. அம்மா ஒன்றும் பேசாமல் முடிச்சை அவிழ்த்துக் காட்டிவிட்டு மறுபடி கட்டுவார். அந்தத் தாளைப் படித்ததும் எனக்கு அந்த முடிச்சுதான் ஞாபகம் வந்தது. என் முறை வந்தபோது பகடையைக் கையில் எடுக்க முடியவில்லை. மற்ற மேசைகளில் என்ன செய்கிறீர்கள்?

கோட்டை அகழி:
அந்த டி.எம். நான்தான். தம்பி, உன் மனசு நோகும் என்று நான் நினைக்கவில்லை, மன்னித்துக்கொள். ஆனால் விதியே தப்பு என்று ஒப்புக்கொள்ள முடியவில்லை. 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் இந்த ஆட்டத்தை வெளியிட்ட காலத்திலிருந்து அதில் வரும் கற்பனை இனங்களில் ஆர்க் என்றால் கொள்ளைக்காரன், ட்வார்ஃப் என்றால் பொன்னாசை, எல்ஃப் என்றால் கர்வம். எனக்குக் கிடைப்பது மூன்று மணி நேரம். புதிதாக வந்து உட்காருபவருக்கு ஒரு மக்களைப் பற்றி இரண்டு வரியில் சொல்லியாக வேண்டும். குன்றர் கற்பனை. ஜவ்வாது மலை என்று எங்கேயும் எழுதவில்லை.

இருபதுமுகம்:
டி.எம். பக்கம்தான் நானும். ஆட்டத்தின் 2014 விதிகளில் அரை ஆர்க்குக்கு (பாதி மனிதன், பாதி ஆர்க்) ஸ்ட்ரெங்த், அதாவது உடல் பலம், 2 கூடும். அந்த 2, பகடையில் விழும் எண்ணோடு வெறும் 1ஆகத்தான் கூடும். இருபது முகத்தில் ஒரு முகம், 5 சதவீதம். அந்த 5 சதவீதத்தில்தான் ஆர்க் ஆடுவதன் சுவையே இருந்தது. 2020இல் அந்த எண்ணை எந்தத் திறனுக்கு வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். 2024 புத்தகத்தில் இனத்துக்கான எண்ணையே எடுத்துவிட்டார்கள், 'ரேஸ்' என்ற சொல்லும் போய் 'ஸ்பீஷீஸ்' வந்துவிட்டது. இப்படியே போனால் எல்லாரும் வேறு வேறு முகமூடி போட்ட ஒரே ஆள்தான். பறவை மனிதனுக்குச் சிறகு வைத்தால் அதுவும் இழிவா?

ஆரணிக்கரை:
சிறகு உடம்பு. திருட்டு நடத்தை. இரண்டையும் ஒரே தாளில் எழுதியதுதான் பிரச்சினை. இருட்டில் கண் தெரியும் என்று எழுதுங்கள், மரத்தில் வேகமாக ஏறுவான் என்று எழுதுங்கள், நான் எதுவும் கேட்க மாட்டேன். பிறந்ததாலேயே திருடுவான் என்பதை நம் ஊரில் ஏற்கெனவே ஒரு முறை எழுதிப் பார்த்துவிட்டார்கள். 1871இல் குற்றப் பரம்பரைச் சட்டம் வந்தது, 1911இல் சென்னை மாகாணத்துக்கும் நீட்டினார்கள். பட்டியலில் இருந்த சாதியில் பிறந்தவர்கள், எந்தக் குற்றமும் செய்யாதவர்கள்கூட, போலீசிடம் ஆஜர் கொடுக்க வேண்டும், பல ஊர்களில் ராத்திரி ஸ்டேஷனிலேயே படுக்க வேண்டும். பட்டியலிலிருந்து நாடு முழுக்க விடுவித்தது 1952 ஆகஸ்ட் 31இல்தான். டி.எம். தம்பி, உங்கள் விதியும் 'ஒவ்வோர் இரவும்' என்றுதான் சொல்கிறது. எழுதும்போது உங்களுக்கு அது தெரிந்திருக்காது. ஆனால் தானாக வந்து விழுந்திருக்கிறது பாருங்கள், அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

கோட்டை அகழி:
அக்கா, என்னை அந்தச் சட்டம் போட்டவர்களோடு சேர்ப்பது நியாயமில்லை. அப்புறம், மலையிலிருந்து சந்தனம் கடத்தப்பட்டது உண்மைதானே? அதை மறைத்துவிட்டுப் பச்சை மலை, தேன், மயில் என்று எழுதினால் அதுவும் பொய்தான்.

சாமைக்கொல்லை:
மறைக்கச் சொல்லவில்லை அண்ணா. 2015 ஏப்ரல் 7இல் சேஷாசலம் காட்டில் ஆந்திர போலீஸ் 20 தமிழர்களைச் சுட்டுக் கொன்றது. செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்றார்கள். பெரும்பாலும் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டத்துக்காரர்கள், ஜவ்வாது மலைக்காரர்களும் இருந்தார்கள். எங்கள் சொந்தக்காரர் வீடுகளில் இன்றும் அதைப் பேசும்போது குரல் தாழ்ந்துவிடும். மரம் வெட்டப் போகிறவன் கூலிக்குப் போகிறான். சாமை விளைந்தது போதவில்லை, முன்பணம் வாங்கியாகிவிட்டது, போகிறான். மரத்தை வாங்குகிறவன் மலையில் இல்லை. உங்கள் தாளில் வெட்டுகிறவனுக்கு ஓர் இனமே இருக்கிறது, வாங்குகிறவனுக்கு ஒரு பெயர்கூட இல்லை.

தறிச்சத்தம், குடியாத்தம்:
2024 விதியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், யாரும் இதைப் பேசவில்லை. பிறப்பிலிருந்து எடுத்த எண்ணை அவர்கள் தூக்கிப் போடவில்லை, பேக்கிரவுண்டில், அதாவது கேரக்டர் முன்பு என்னவாக இருந்தார் என்பதில் வைத்தார்கள். விவசாயி என்றால் ஸ்ட்ரெங்த், கான்ஸ்டிட்யூஷன் (தாங்கும் சக்தி), விஸ்டம் (விவேகம்) மூன்றில்தான் கூட்டலாம். பிரபு என்றால் ஸ்ட்ரெங்த், இன்டெலிஜென்ஸ், கரிஸ்மா (ஆளைக் கவரும் தன்மை). அமெரிக்காவில் உட்கார்ந்து எழுதியவருக்கு இது பிறப்பை விட்டுத் தொழிலுக்குப் போன முன்னேற்றமாகத் தெரிந்திருக்கலாம். எங்கள் வீட்டில் நான்கு தலைமுறையாகத் தறி. தொழிலும் பிறப்பும் வேறு வேறு என்று எங்கள் தெருவில் யாரும் நம்ப மாட்டார்கள். லுங்கியில் கட்டம் விழ எத்தனை இழைக்கு ஒரு நிறம் மாற்ற வேண்டும் என்று என் அப்பா பேப்பர் இல்லாமல் மனக்கணக்காகச் சொல்வார். கைவினைஞர் என்பதால் அவருக்கு இன்டெலிஜென்ஸ் கூட்டலாமாம், அதே கணக்கைப் போடும் விவசாயிக்குக் கூடாதாம். நாங்கள் அந்தப் பட்டியலைப் பார்ப்பதில்லை, எந்தத் தொழிலானாலும் எண்ணை ஆடுபவரே தேர்ந்தெடுக்கிறார்.

இருபதுமுகம்:
பேக்கிரவுண்ட் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, அதை நான் யோசித்ததில்லை. 2016 புத்தகத்தில் ஆர்க்குக்கு இன்டெலிஜென்ஸ் 2 குறைத்திருந்தார்கள், 2020இல் எடுத்தார்கள். அது போனதில் எனக்கும் வருத்தமில்லை. ஆனால் கூடுதல் எண் இருக்க வேண்டும் என்பதில் நான் மாறவில்லை. மலை ஏறி இறங்கும் மக்களுக்கு டெக்ஸ்டெரிட்டி 2 என்பது அவர்களைப் பாராட்டுவதுதானே?

ஆரணிக்கரை:
என் பள்ளிக்கூடத்தில் ஓர் இருளர் பையனிடம் வாத்தியார், "உனக்குப் பாம்பு பிடிக்க வரும், கணக்கு எதுக்கு?" என்று கேட்டார். அவரும் பாராட்டாகத்தான் சொன்னார். அவன் அதற்கப்புறம் கணக்கு வகுப்பில் கை தூக்கி நான் பார்த்ததில்லை.

கோட்டை அகழி:
இரண்டு நாளாக இதையேதான் யோசிக்கிறேன். கடைசி வரியை அடித்துவிட்டேன். தொழில் என்ற இடத்தையும் காலியாக விட்டிருக்கிறேன். கடத்தல் கதையில் இருக்கும், ஆனால் ஞாயிற்றுக்கிழமை அது மலையில் ஆரம்பிக்காது, கோட்டைக்குள் கட்டையை எடை போடும் கிடங்கில் ஆரம்பிக்கும். எண்களைப் பற்றி இன்னும் முடிவெடுக்கவில்லை, இருபதுமுகம் சொல்வதிலும் எனக்கு ஞாயம் தெரிகிறது. தம்பி, நீ வரவேண்டும்.

சாமைக்கொல்லை:
வருகிறேன் அண்ணா. ஆனால் புது கேரக்டரோடு. குன்றப் பெண், விஸார்ட், படித்து மந்திரம் கற்றவள். கையிலிருந்த 15ஐ இன்டெலிஜென்ஸில் போட்டிருக்கிறேன். அதில் 2 கழிப்பதா வேண்டாமா என்று சனிக்கிழமைக்குள் சொல்லுங்கள், ஷீட்டைப் பேனாவில் எழுத வேண்டும்.