பூஞ்சை பிடித்த விஎச்எஸ் கேசட், பாதியில் நிற்கும் கிரான் வேலை

கோத்தகிரிக்காரன்:
வணக்கம் நண்பர்களே. வீட்டுல 14 விஎச்எஸ் கேசட் இருக்கு. காதுகுத்து, கல்யாணம், ஹெத்தையம்மன் பண்டிகைன்னு எல்லாம் அதுலதான். பத்து கேசட்டுல சுருள் ஓரத்துல கோலமாவு தூவின மாதிரி வெள்ளையா இருக்கு. விசிஆர்ல போடலாமா?

மீதி நாலையும் கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சு. ராத்திரி 11 மணிக்கு கிரான்ல (லினக்ஸ்ல குறிச்ச நேரத்துக்கு வேலையைத் தானா தொடங்கறது) ஒரு ஸ்க்ரிப்ட், வீடியோ ஃபைலை மாத்தற எஃப்எஃப்எம்பெக் புரோகிராமை ஒவ்வொரு ஃபைலுக்கா ஓட்டுது. முதல் ஃபைலோட நின்னுடுது. நடுவுல கரண்ட் போனா பாதி ஃபைல் கிடக்கும். மறுநாள் அதை முடிஞ்சதுன்னு நினைச்சு தாண்டிப் போயிடுது.

குன்னூர் மெக்கானிக்:
தயவுசெஞ்சு போடாதீங்க. அது பூஞ்சை. ஒருதரம் ஓட்டினா விசிஆருக்குள்ள டேப்பைப் படிக்கற ஹெட் டிரம்முல ஒட்டி, அடுத்துப் போடற நல்ல கேசட்டுக்கும் பரவும். சுருள் ஒட்டியிருந்தா டேப் அறுந்தும் போகும்.

முதல்ல காயணும். இறுக்கமா மூடற பிளாஸ்டிக் டப்பா, அரைக்கிலோ சிலிக்கா ஜெல், உள்ளே ஈரப்பதம் காட்டற ஒரு ஹைக்ரோமீட்டர். ஈரப்பதம் 40 சதவீதத்துக்கு இறங்கி ரெண்டு வாரமாவது அங்கேயே நிக்கட்டும். ஜெல் நிறம் மாறினா மாத்துங்க. ஹேர் டிரையர், அடுப்பு மேடை, வெயில் எதுவும் வேண்டாம், டேப் நெளிஞ்சுடும். காஞ்ச பூஞ்சை தூளா உதிரும். ஈரமா இருந்தா அப்பிக்கும், அதான் இவ்வளவு பொறுமை.

அப்புறம் என்95 மாஸ்க் போட்டு, வீட்டுக்கு வெளியே வச்சுப் பிரிங்க. அடியில 5 ஸ்க்ரூ. மூடியை மெதுவா தூக்குங்க, முன்கதவு ஸ்பிரிங் தெறிக்கும். நூல் பிரியாத துணியில 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் லேசா நனைச்சு சுருள் ஓரத்தைத் துடைச்சு, முழுசா உலர்ந்ததும் ரெண்டு ரீலையும் வேற சுத்தமான கூட்டுக்கு மாத்துங்க. ஐப்பசி, கார்த்திகை மழையில இதை ஆரம்பிக்காதீங்க. மாசி, பங்குனிதான் சரி.

ஊட்டி லினக்ஸ்:
ஸ்க்ரிப்டுல பட்டியல்லேர்ந்து ஃபைலை ஒவ்வொண்ணா எடுக்கற 'வைல் ரீட்' லூப் இருக்கும், சரியா? ஃபைல் பட்டியல் வர்ற அதே ஸ்டாண்டர்ட் இன்புட்டை (புரோகிராமுக்குள்ள தகவல் வர்ற வழி) எஃப்எஃப்எம்பெக்கும் படிச்சு விழுங்கிடுது. 'நோஸ்ட்டின்' ஆப்ஷன் சேருங்க, லூப் ஓடும்.

பாதி ஃபைலுக்கு: '.பார்ட்'னு முடியற பேர்ல எழுதி, எக்சிட் கோட் 0 (பிழையில்லாம முடிஞ்சதுன்னு அர்த்தம்) வந்தா மட்டும் அதே டிஸ்க்குக்குள்ள பேர் மாத்துங்க. அந்தப் பேரை வச்சு எஃப்எஃப்எம்பெக்குக்கு ஃபார்மட் தெரியாது, '-எஃப் எம்பி4' தனியா சொல்லணும். 'ஃப்ளாக் -என்'னு பூட்டு போட்டா ரெண்டு வேலை ஒண்ணா ஓடாது. கிரானை விட்டு, அதே மாதிரி நேரத்துக்கு வேலையைத் தொடங்கற சிஸ்டம்டி டைமருக்கு வந்து 'பெர்சிஸ்டன்ட்' ட்ரூ வச்சா, 11 மணிக்கு கரண்ட் இல்லைன்னாலும் மெஷின் வந்ததும் ஓடும். யூஎஸ்பி டிஸ்க்னா, அது நிஜமா இணைஞ்சிருக்கான்னு பார்க்கற 'மவுன்ட்பாயின்ட் -க்யூ' சோதனை கட்டாயம். இல்லேன்னா சிஸ்டம் டிஸ்க்கே ரொம்பிடும்.

கொடைக்கானல் எடிட்டர்:
ஒண்ணு மட்டும். நம்ம கேசட் 'பால்' (PAL) டிவி முறை: ஏத்தினா 720க்கு 576 புள்ளி, நொடிக்கு 25 ஃபிரேம், இன்டர்லேஸ்டு (ஒவ்வொரு ஃபிரேமும் ஒண்ணுவிட்டு ஒண்ணு கோடா ரெண்டு பாதியா வரும்). மூலத்தை அப்படியே, தரம் குறையாம சுருக்கற எஃப்எஃப்வி1-ல எம்கேவி ஃபைலா வச்சுக்கோங்க. 'பிடபிள்யூடிஃப்' ஃபில்டர் போட்டு, அந்தப் பாதிகளை முழுப் படமாக்கி (டீஇன்டர்லேஸ்) 50 ஃபிரேமா மாத்தறது பார்க்கற எம்பி4 காப்பிக்கு மட்டும். மூலத்துலயே டீஇன்டர்லேஸ் பண்ணிட்டா திரும்ப வராது, பூஞ்சை பிடிச்ச டேப்பை மறுபடி ஓட்டணும்.