ட்ரங்குப் பெட்டி மாடல்: நார்மல் மேப்ல ஓரம் மழுங்கலா வரல, கருப்பு கோடு வருது

பரண்வாசி:
பரண்ல கிடக்குமே பழைய ட்ரங்குப் பெட்டி, அதை ப்ளெண்டர்ல (3டி சாஃப்ட்வேர்) மாடல் பண்ணி அன்ரியல்ல (கேம் எஞ்சின்) போட்டுட்டு இருக்கேன். ஓரம் எல்லாம் கத்தியா நிக்குது, லைட் பட்டா தகரம்னே தோணல, அட்டைப்பெட்டி மாதிரி இருக்கு. பாலி (மாடலோட முகங்கள்) ஏத்தாம நார்மல் மேப்லயே, அதாவது பரப்பு எந்தத் திசையைப் பாக்குதுன்னு (நார்மல்) பிக்சல் பிக்சலா சொல்ற படத்துலயே, ஓரத்தை மழுங்கடிச்சிடலாம்னு ப்ளெண்டரோட சைக்கிள்ஸ் ரெண்டரர்ல பெவல் நோட் (ஓரத்தை மழுங்கின மாதிரி காட்டுறது) போட்டு, ரேடியஸ் 2 மிமீ, 2048 பிக்சல் மேப்ல பேக் பண்ணேன் (படமா பதிச்சேன்). அன்ரியல்ல பார்த்தா நிக்குற ஓரம் ஓரளவு ஓகே, ஆனா படுத்திருக்குற மேல் ஓரம் உள்பக்கமா குழிஞ்ச மாதிரி தெரியுது. போதாக்குறைக்கு நாலு மூலையிலயும் மெல்லிசா கருப்பு கோடு. மூணு தடவ பேக் பண்ணிட்டேன், அதே கதை. 75க்கு 45 செமீ பெட்டி, நாலு பக்கத்தையும் ஒரே பட்டையா யூவி விரிச்சிருக்கேன் (படம் ஒட்ட மாடலைத் தட்டையா விரிக்கிறது), ஓரம் எல்லாம் ஷார்ப் மார்க் (ரெண்டு பக்க ஷேடிங்கும் கலக்காம இருக்க) பண்ணிருக்கேன்.

சுண்ணாம்பு:
ஒரு திசை சரி, இன்னொரு திசை தலைகீழ்னாலே நார்மல் மேப்போட க்ரீன் சேனல்தான் ப்ரோ, ஒய் திசை அதுலதான் இருக்கு. ப்ளெண்டர் ஓப்பன்ஜிஎல் முறைல பேக் பண்ணும், அன்ரியல் கேக்குறது டைரக்ட்எக்ஸ் முறை, ரெண்டுக்கும் ஒய் எதிரெதிர். டெக்ஸ்சரைத் திறந்தா ஃப்ளிப் க்ரீன் சேனல்னு இருக்கும், டிக் போடுங்க. எஸ்ஆர்ஜிபி (கலர் படத்துக்கான செட்டிங்) ஆஃப்ல இருக்கான்னும் ஒரு தடவ பாத்துக்குங்க. யூனிட்டி, கோடோ (Godot) மாதிரி எஞ்சினா இருந்தா இந்த ரோதனையே இல்ல.

ராத்திரி ரெண்டர்:
மேல சொன்னது குழிக்கு. கோடு வேற கேஸ். ஷார்ப் ஓரத்துல ரெண்டு பக்கமும் வேற வேற நார்மல், ஆனா நீங்க யூவியை வெட்டாம பட்டையா விட்டதால அந்த மடிப்புல இருக்குற ஒத்தப் பிக்சல் ரெண்டு பேருக்கும் சேர்த்து பதில் சொல்லணும், முடியாது, கோடா வந்து நிக்குது. ஷார்ப் இருக்குற இடமெல்லாம் யூவியை வெட்டி, வெட்டின துண்டுகளுக்கு நடுவுல இடம் விட்டு, மார்ஜின் (துண்டு ஓரத்தைத் தாண்டி கலர் நீளுற அளவு) 16 பிக்சல் குடுத்து பேக் பண்ணுங்க. அப்புறம் ஒரு கணக்கு: சுத்தளவு 240 செமீ, அது 2048 பிக்சல்ல நீட்டி கிடக்குது, அப்ப 1 மிமீக்கு ஒரு பிக்சல்கூட தேறல. 2 மிமீ மழுங்கல் அதுல எங்க தெரியும்? 8, 10 மிமீ வைங்க, நிஜத்துல அவ்ளோ இருக்காதுதான், ஆனா தள்ளி நின்னு பார்த்தா அதுதான் தகரம் மாதிரி மினுங்கும். பெவல் நோட்ல சாம்பிளையும் ஏத்துங்க, 4ல விட்டா பொரிபொரியா வரும்.

மூலைமட்டம்:
பெட்டிக்குப் போய் எதுக்குய்யா பேக்கு? ஷார்ப் ஓரம் வச்ச க்யூப் பாக்க 8 வெர்டெக்ஸ் (மூலைப் புள்ளி), ஜிபியூல (கிராபிக்ஸ் சிப்) போய் நின்னா 24, ஏன்னா ஒவ்வொரு மூலையும் மூணா பிரியும். அதே க்யூபுக்கு ஒரு செக்மென்ட் நிஜ பெவல் போட்டு (மாடல்லயே ஓரத்தைச் சீவி) ஸ்மூத் பண்ணி வெயிட்டட் நார்மல் மாடிஃபையர் (பெரிய முகத்தோட திசைக்கு முன்னுரிமை குடுக்குறது) வச்சாலும் 24தான், யூவி வெட்டுற இடத்துல கொஞ்சம் கூடும், அவ்ளோதான். முக்கோணம் 12லேர்ந்து 44 ஆகும், இந்தக் காலத்துல அதெல்லாம் ஒரு கணக்கா. நார்மல் மேப் வெளிச்சத்தைத்தான் ஏமாத்தும், வெளிக்கோட்டை ஏமாத்தாது, பெட்டிக்குப் பின்னாடி வெளிச்சம் வந்துட்டா மூலை கூரா நிக்கும் பாருங்க.

ராத்திரி ரெண்டர்:
அண்ணே, பெரிய ஓரத்துக்கு ஒத்துக்குறேன். ஆணித்தலை, கொண்டி, மூடில ஓடுற அந்த வரிவரியான மடிப்பு, அதுக்கெல்லாம் எங்க போய் பெவல் போடுவீங்க, அது பேக்தான்.

பரண்வாசி:
டிக் போட்டதும் குழி போயிடுச்சு, ரெண்டு நாள் இதுக்கா உக்காந்திருந்தேன்னு என்மேலயே கடுப்பு. யூவி வெட்டி 8 மிமீ வச்சேன், கோடும் இல்ல. ஆனா மூடியைத் திறக்குற ஷாட்ல ஜன்னல் பின்னாடி வருது, மூலைமட்டம் அண்ணன் சொன்னபடியே மூடியோட மூலை கூரா தெரியுது. மூடி ஓரத்துக்கு மட்டும் நிஜ பெவல் போட்டுட்டு மத்ததை மேப்லயே விட்டுடறேன். பெவலுக்கு அப்புறம் அந்த மேப்பை மறுபடி பேக் பண்ணணும்ல?

ராத்திரி ரெண்டர்:
ஆமா, கண்டிப்பா. நார்மல் மாறிடுச்சுன்னா பழைய மேப் செல்லாது, மூடியை மட்டும் பண்ணா போதும்.